கையில் போட்ட ஷூ

கர்நாடக போலீஸ் எடுத்த படத்தில் என் அப்பா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையிலும் ஷூ. ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. இரண்டுமே வலது கால். அவர் இருப்பது இடது பக்கத்து சீட்டில். அப்படி உட்கார்ந்தபடியே பெங்களூரு விமான நிலையச் சாலையில் நூற்று இருபத்தொன்றில் கார் ஓட்டியதாக அவருக்குச் சலான் வந்திருந்தது.

அப்பா பெயர் வேலு. ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரிக்குச் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறார். ஷூ வாங்க வரும் வெளிநாட்டுப் பையருக்குக் காட்டும் சாம்பிளை ஜோடியாகச் செய்வதில்லை. கலருக்கு ஒரு கால், அதுவும் வலது கால். அன்றைக்குப் பையர் ஜெர்மனிக்குக் கிளம்பும் நாள். கலர் சரியில்லை என்று அவர் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் சொல்லிவிட்டதால், மறுபடி ஸ்பிரே அடித்து, அவர் ஃப்ளைட் ஏறுவதற்குள் காட்ட, ஈரத்தோடு தூக்கிக்கொண்டு அப்பாவின் காருக்கு ஓடி வந்தார் நவீத். ஃபேக்டரிக்கு ஆர்டர் பிடிக்கும் மெர்ச்சன்டைசர். ஈர ஷூவைப் பெட்டியில் வைத்தால் பேப்பர் ஒட்டிக்கொள்ளும், சீட்டில் வைத்தால் கலர் அழிந்துவிடும். அதனால் யாராவது கையை உள்ளே விட்டு, ஏசிக் காற்றில் காட்டிக்கொண்டே போக வேண்டும். ஃபேக்டரியில் இது வழக்கம்தான். வழக்கமாக அது நவீத்தின் கை.

ஓசூர் வரைக்கும் அவர் கைதான் இருந்தது. அப்பா எண்பதைத் தாண்டவில்லை.

"வேலண்ணா, இன்னா மாட்டு வண்டியா ஓட்டறீங்க? ஃப்ளைட்டு போய்டும். இறங்குங்க, நான் ஓட்டறேன். இத நீங்க போட்டுக்கங்க."

வேலை ஆக வேண்டியிருந்தால் அப்பா அவருக்கு 'வேலண்ணா'. ஆகிவிட்டால் 'வேலு'.

ஆர்டர் கிடைத்தது. நவீத்துக்குக் கைதட்டல் கிடைத்தது. அப்பாவுக்குச் சலான் கிடைத்தது.

ஃபேக்டரி கேட்டில் ஒரு போர்டு உண்டு: 'வேகம் வேண்டாம், உங்கள் குடும்பம் காத்திருக்கிறது.' கீழே, பாதுகாப்புக் குழுத் தலைவர் என்று நவீத்தின் பெயர். வேகத்துக்காகச் சலான் வாங்கிய வாடகை வண்டி கேட்டுக்குள் நுழையக் கூடாது என்று விதி போட்டதும் அந்தக் குழுதான். வண்டிகளை மேய்க்கிற கஃபார் பாய் மாதம் பிறந்ததும் எல்லா நம்பரையும் இணையத்தில் தட்டிப் பார்ப்பார். தட்டினார். அப்பாவைக் கூப்பிட்டார்.

"வேலு, நாளைலேர்ந்து வண்டி வேணாம்பா. மேல சொல்லிட்டாங்க."

"ஓட்டுனது நான் இல்ல பாய். நவீத் சார்."

"வண்டி உன்னுது தானே?"

ஒரு வாரம் கார் வாசலில் நின்றது. அப்பா அதைத் தினமும் துடைத்தார். அந்த ஃபேக்டரியை நம்பித்தான் கடன் போட்டு அதை வாங்கினார். வேறு சவாரி கிடையாது.

"சார்கிட்ட கேட்டியாப்பா?" என்றேன்.

"கேட்டேன். யார் ஓட்டுனாங்கன்னு கேமராக்கு எப்டி தெரியும் வேலுன்னாரு."

வேலு. அப்படியென்றால் வேலை ஆகிவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில் வாணியம்பாடிக் காலேஜில் இரண்டு வகுப்பு போனதே தெரியவில்லை. வழக்கமாகத் தூங்குவதால் தெரியாது. அன்றைக்கு விழித்திருந்தும் தெரியவில்லை. மூன்றாவது வகுப்பில், யாருமே திறந்து பார்க்காத சலான் படத்தைத் திறந்தேன். ஓட்டுகிறவர் முகத்தை வெயில் தடுப்பு மறைத்திருந்தது. தாடை மட்டும் தெரிந்தது. அப்பா மட்டும் பாஸ்போர்ட் படம் மாதிரி பளிச்சென்று இருந்தார், ஷூக்களோடு.

மறுநாள் அப்பாவை இழுத்துக்கொண்டு நவீத்தின் அறைக்குப் போனேன்.

"யாரு தம்பி நீ?"

"வேலு பையன் சார். ஃப்ளைட்டு இருக்கற நாள்ல வேலண்ணா பையன்."

"காலேஜ்ல இதான் கத்துக் குடுக்கறாங்களா?"

"படம் பாக்க கத்துக் குடுத்தாங்க சார்." போனை மேஜையில் வைத்தேன்.

படத்தைப் பெரிதாக்கினார். தன் தாடையை அல்ல. அப்பாவின் முகத்தையும் அல்ல. ஷூவை. நாற்காலி பின்னால் உருண்டது, எழுந்தே விட்டார்.

"இந்த ஸ்டைல் அடுத்த சீசனுக்குய்யா! இன்னும் வெளியவே வரல. இத யார் யாரு பாத்தாங்க?"

"கர்நாடகா போலீஸ் பாத்துட்டாங்க சார். பிடிச்சிருக்கான்னு தெரியல."

என் அப்பாவின் பிழைப்பு போனபோது அசையாத நாற்காலி, ஒரு ஷூ முன்கூட்டியே வெளியே தெரிந்துவிட்டதற்கு அசைகிறது. அதைத் தூக்கி ஜன்னல் வழியாகப் போட வேண்டும் போல் இருந்தது. சக்கரம் வைத்த நாற்காலி. உருட்டினாலே போதும்.

நவீத் முதலாளி முனீர் அகமது சாஹிபுக்குப் போன் போட்டு உருதுவில் பேசினார். பதற்றத்தில் ஸ்பீக்கரை அணைக்கவில்லை. படம், ஷூ, போலீஸ் எல்லாம் சொன்னார். கடைசியில், "ட்ரைவர் கீ கல்தி ஹை சாப்" என்றார். தப்பு டிரைவருடையதாம்.

அதுவரை கதவோரமாக நின்றிருந்த அப்பா மேஜைக்குப் பக்கத்தில் வந்தார்.

"சார், எனக்கும் உருது தெரியும். இருவது வருஷமா உங்காளுங்களதான் ஏத்திட்டுப் போறேன். சாஹிப்கிட்ட நிஜத்த சொல்லுங்க. என் ரெண்டு கைலயும் உங்க ஷூ இருந்துச்சு. நான் எந்தக் கையால ஓட்டுனேன்?"

அப்பா சொன்னது போனிலும் கேட்டுவிட்டது. சாஹிப், யார் ஓட்டியது என்று கேட்டார்.

"மை ஹீ சாப்" என்றார் நவீத். நான்தான்.

சாஹிப் அடுத்துக் கேட்டது, அந்தப் படத்தில் தையல் தெரிகிறதா என்று.

போனை வைத்ததும் நவீத்தின் குரலில் தேன் வடிந்தது.

"வேலண்ணா, சலான் என் பேர்ல மாத்தி நானே கட்டிடறேன். தம்பிய அந்தப் படத்த அழிக்கச் சொல்லுங்க. நாளைக்கே வண்டி கொண்டாங்க. முடிஞ்சிதா?"

"முடியல சார். கேட்டாண்ட வந்து சொல்லுங்க."

"இன்னா சொல்லணும்?"

"ஓட்டுனது யாருன்னு. டிரைவருங்க எல்லாம் அங்கதான் டீ குடிக்கறாங்க. ஒரு வாரமா என்னைப் பாத்து, 'இன்னா வேலு, வயசு காலத்துல ரேஸா'ன்னு கேக்கறாங்க."

"அண்ணா, இதெல்லாம் பேஜாரு. நான் மெயில் போட்டுடறேன்."

"அவங்களுக்கு மெயில் கெடையாது சார்."

நவீத் என்னைப் பார்த்தார். நான் ஷூ படத்தைப் பார்த்தேன். எல்லாரும் கேட்டுக்குப் போனோம். போர்டுக்குக் கீழே நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐ வாஸ் டிரைவிங் தட் டே" என்றார்.

டிரைவர்கள் டீயை உறிஞ்சினார்கள்.

"தமிழ்ல சார்" என்றார் அப்பா.

"அன்னிக்கு... நான்தான் ஓட்டுனேன்."

"எவ்ளோ ஸ்பீடு சார்?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல். அது என் குரல் இல்லை. என் குரலாக இருந்திருக்கலாமே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

கஃபார் பாய் கேட்டைத் திறந்துவிட்டார். அவரும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட் திறந்ததே பெரிது என்பது போல் அப்பா உள்ளே போனார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

அடுத்த பையர், அடுத்த ஃப்ளைட். வழக்கம்போல் கடைசி நேர ஸ்பிரே. நவீத் ஈர ஷூக்களோடு ஓடி வந்தார். அப்பா கிளம்பவில்லை.

"கையப் போடுங்க சார், ஈரம் ஒட்டிக்கப் போவுது."

நவீத் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டார். அப்பாவே அவருக்கு பெல்ட் மாட்டிவிட்டார். எழுபதில் போனார்கள்.

"வேலண்ணா, கொஞ்சம்..."

"போர்டுல உங்க பேருதான் சார் இருக்கு."

கிருஷ்ணகிரியில் நவீத்தின் பாக்கெட்டில் போன் அடித்தது. சூளகிரியில் அடித்தது. அத்திப்பள்ளி தாண்டியும் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு வலது கால்களை வைத்துக்கொண்டு போன் எடுக்க முடியாது.

அப்பா எடுத்துக் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் வண்டி ஓட்டும்போது போனைத் தொடுவது குற்றம். அதற்கும் சலான் உண்டு.