முதலிடம்: படகு வராத துறை

டிசம்பர் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, புதூர்நாட்டில் ஈஸ்வரியின் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்:

கோபால்சாமி, வயது முப்பத்தொன்று. ஓரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நாலு வருஷம் இரவு ஷிப்டு பார்த்துவிட்டு, ஒரு நாள் பாதி ஷிப்டில் எழுந்து மலையேறி வந்தவன்.

ஈஸ்வரி, அவனுடைய அக்கா. வீடும் டி.வி.யும் அவளுடையவை. கேம் ஆடும் கன்சோல் மட்டும் தம்பியுடையது.

வில்சன், கணியம்பாடிக்காரன். அதே ஷிப்டில் கோபால்சாமிக்குப் பக்கத்தில் நின்றவன். இப்போது வீடியோ கேம்களைப் பற்றிச் சேனல் நடத்துகிறான். எந்த கேமையும் முடித்துப் பார்த்த பாவத்துக்கு ஆளாகாதவன்.

ரெனி, வில்சனின் தங்கை. கேமரா பிடிப்பவள். கேம்களை முடிப்பவளும் அவள்தான். அண்ணன் சேனலில் முழங்குவதெல்லாம் ஜீப்பில் வரும் வழியில் அவள் சொல்லிக்கொடுத்தது.

இவர்களோடு, ஊருக்கு வந்து பதினெட்டு நாளே ஆன செல்போன் சிக்னல்.

வில்சனுக்குப் பத்து நிமிஷ வீடியோ வேண்டும். நெட் இல்லாத மலையில், வேலூரில் வாங்கிய டிஸ்க்கை மட்டும் போட்டு ஆடுகிற ஒருவன், இந்த வருஷம் தனக்குப் பிடித்த ஐந்து கேம்களைச் சொல்ல வேண்டும். கோபால்சாமிக்குச் சேனலும் பிடிக்காது, வில்சன் தலைமுடியை நிறுத்தி வைத்திருந்த விதமும் பிடிக்கவில்லை. ஆனால் வருஷம் முழுக்க மனதுக்குள் திட்டியதைக் கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதனால் சரி என்றிருந்தான்.

"மச்சி, மொதல்ல அந்த விவசாய கேம். ஊரே அதத்தான் கொண்டாடுது. உன் லிஸ்ட்ல எத்தனாவது?"

"லிஸ்ட்லயே இல்ல."

"டேய், நீ விவசாயி வூட்டுப் பையன்டா!"

"அதனாலதான் இல்ல. மூணு நாள்ல வெளையுது. பன்னி வராது. மழ பொய்க்காது. அறுத்துக் கொண்டுபோய்ப் பெட்டில போட்டா, பெட்டியே வெல குடுக்குது. அத செஞ்சவன் வயல்ல ஒரு தபா கூடக் கால வெச்சிருக்க மாட்டான்."

சாமையைப் புடைத்துக்கொண்டிருந்த ஈஸ்வரி முறத்தை நிறுத்தினாள். "அந்த ஊரு எங்கடா கீது? பேசாம நாம அங்க போய்டலாம்."

ரெனி சிரித்ததில் கேமரா ஆடியது. வில்சன் முறைத்தான்.

ஐந்தாவது இடத்தைக் கோபால்சாமி ஒரு கார் பந்தய கேமுக்குக் கொடுத்தான். பந்தயத்துக்காக அல்ல. பந்தயத்தை விட்டுவிட்டு மழையில் காரை ஓரமாக நிறுத்தி வைக்க அது விட்டது. நாலாவதும் மூன்றாவதும் சண்டை கேம்கள். அவற்றை அவன் பாராட்டிய விதத்தைக் கேட்டால் செய்தவர்கள் தொழிலையே விட்டிருப்பார்கள். இரண்டாவது கேமில் எடுத்ததற்கெல்லாம் சாக வேண்டியிருந்தது; அதற்காக அதை மதித்தான்.

மற்றவை மேல் அவனுக்கு இருந்த ஆத்திரம் ஒன்றுதான். எந்த உலகத்துக்குள் போனாலும் அங்கிருப்பவர்கள் அவனுக்காகவே நின்றுகொண்டிருந்தார்கள். கதவைத் திறந்தால் பாராட்டு. ஏணியில் ஏறினால் பாராட்டு. நாலு வருஷம் ராத்திரி முழுக்க நின்றவனைப் பார்த்து ஒருத்தனும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இங்கே மூன்று காளான் பறித்துக் கொடுத்தால் ஊரே கைதட்டுகிறது. சாப்பிட மறுக்கும் குழந்தையிடம் சொல்கிற பொய்யைத் தன்னிடம் சொல்கிறார்கள் என்று அவனுக்குக் காறித் துப்பத் தோன்றும்.

"சரி, ஒன்னாவது?"

"துறை." கேம்களின் ஆங்கிலப் பெயர்களை அவன் சொல்வதில்லை. "ஒரு கடிதாசிய எடுத்துக்கினு தீவுக்குப் போகணும். மணி அடிக்கும். சனம் எல்லாம் துறைக்கு வரும். படகு வராது."

"வராதா?"

"வராது. நின்னு பாத்துட்டுப் போய்டுவாங்க. மறுநாள் வருவாங்க, சில நாள் கூட ஒரு ஆள் சேந்து வரும். நான் போனப்ப மூணே பேரு. இப்ப அறுபத்தொன்னு. ஒருத்தனும் என்ன சட்ட பண்றதில்ல. படகுக்காரன மட்டும் திட்டுறாங்க. நாலு மாசமா ஆடுறேன். இந்த வருஷம் ஒழுங்கா செஞ்ச கேம் அது ஒன்னுதான்."

"மூட்டக்காரிய சொல்லு," என்றாள் ஈஸ்வரி. தினமும் முதல் ஆளாக வந்து, மூட்டையை இறக்காமல் நிற்கும் ஒருத்தி. ஈஸ்வரி சாயங்கால வேலை முடிந்ததும் இன்றைக்கு எத்தனை பேர் என்று கேட்டபடி வந்து உட்காருவது அவளைப் பார்க்கத்தான்.

ரெனி கேமராவைத் தாழ்த்தினாள். "அண்ணா, அந்த கேம்ல படகு வரும்ணா. மணி அடிச்ச ஒடனே வரும்."

"நாலு மாசமா வர்ல."

"உங்க டிஸ்க்குல கோளாறுண்ணா. எல்லாருக்குமே அப்படித்தான் இருந்துச்சி. கேம் வந்த அன்னிக்கே நெட்ல அப்டேட் உட்டு சரி பண்ணிட்டாங்க. உங்க கன்சோல் நெட்டையே பாத்ததில்லல்ல, அதான்."

வில்சன் சிரிக்க ஆரம்பித்தான். சுவரில் சாய்ந்து, தொடையில் அடித்துச் சிரித்தான். "ஒலகம் பூரா தீவுக்குப் போய் ராஜாவ சாவடிச்சிட்டு வந்துட்டான். இவன் இன்னும் துறையிலயே நிக்கிறான்! அதுக்கு ஒன்னாவது எடம் வேற!"

கோபால்சாமியின் காது சூடாகியது. தனக்குப் பிடித்தது யாரும் செய்யாத ஒன்று, ஒரு பிழை என்பதை அவன் ஒரு நிமிஷம் மென்று பார்த்தான். கசக்கவில்லை.

"கோளாறுன்னா கோளாறாவே இருக்கட்டும். நீங்க சரி பண்ணி வெச்சதுல ஒன்னாச்சும் பாக்குற மாதிரி கீதா?" ரெனியிடம் திரும்பினான். "அப்டேட் ஏத்தினா இது நிக்குமா?"

"நிக்காதுண்ணா. படகு வந்த ஒடனே தானா சேவ் ஆவும். பழசு மேலயே புதுசு எழுதிடும். மறுபடி டிஸ்க்குல இருந்து ஆரம்பிச்சா மூணு பேரோடதான் ஆரம்பிக்கணும்."

வில்சனின் சிரிப்பு நின்றது. முகத்தில் வேறொன்று வந்தது. "மச்சி, இங்கதான் இப்ப டவர் கீதே. என் போன்ல இருந்து நெட் தர்றேன். இருபது நிமிசம். படகு வர்றப்ப உன் மூஞ்சிய எடுக்கிறோம். நாலு மாசம் படகுக்கு நின்ன மலைக்காரன்! லட்சம் பேரு பாப்பான்."

"தொடாத."

"ஒரு கேம் தானடா."

"தொடாதன்னு சொன்னேன்."

வில்சன் இரண்டு கையையும் தூக்கினான். சரி, சரி. பேச்சை மாற்றினான். வீடியோவின் ஆரம்பத்துக்குக் கோபால்சாமி வயலிலிருந்து நடந்து வருவதுபோல ஒரு காட்சி வேண்டும் என்றான். ரெனி கூடப் போகட்டும், தான் இங்கே வெளிச்சத்தைச் சரிசெய்து வைப்பதாகச் சொன்னான். ஈஸ்வரி முறத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அறுத்து முடித்த சாமை வயலில் ரெனி அவனை நடக்க வைத்தாள். திரும்ப நடக்க வைத்தாள். வேட்டி கட்டிக்கொண்டு வந்தால் நன்றாக இருக்கும் என்றாள். அவன் பேண்ட்டிலேயே நடந்தான். மூன்றாவது முறை பனி விலகவில்லை என்றாள். நாலாவது முறை வெயில் அதிகம் என்றாள். ஒவ்வொரு முறையும் போனில் மணி பார்த்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே வந்தபோது டி.வி.யில் துறை இருந்தது. அறுபத்தொரு பேர், கற்கள், சாம்பல் நிறத் தண்ணீர்.

"உக்காரு மச்சி. ஆடிக்கினே பேசு. அப்பதான் பாக்க நல்லா இருக்கும்."

கோபால்சாமி கன்ட்ரோலரை எடுத்தான். ஈஸ்வரி வழக்கம்போல நிலைப்படியில் வந்து உட்கார்ந்தாள். மணி அடித்தது. பனிக்குள்ளிருந்து ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு பாய்மரம். படகு கரையில் வந்து முட்டியது.

கூட்டத்தில் யாரும் படகைப் பார்க்கவில்லை. நாலு மாதம் அவனைத் திரும்பிப் பார்க்காத அறுபத்தொரு பேரும் ஒரே சமயத்தில் அவன் பக்கம் திரும்பினார்கள். படகுக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தவன் மண்டியிட்டான். மூட்டைக்காரி மூட்டையை இறக்கிக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினாள். படகுக்காரன் பேசியது கீழே எழுத்தில் ஓடியது: வீரனே, உனக்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தோம்.

திரையின் மூலையில் ஒரு சிறு வட்டம் சுற்றியது. சேவ் ஆகி நின்றது.

"இன்னாடா இது," என்றாள் ஈஸ்வரி. "அவ எதுக்கு உன்ன கும்புடுறா?"

கோபால்சாமி கன்ட்ரோலரைத் தரையில் வைத்தான். அவ்வளவுதான். வில்சன் தங்கையின் தோள்மேல் எட்டி, எடுத்ததை ஓடவிட்டுப் பார்த்தான்.

"ஒன்னுமே இல்லியே. மூஞ்சி கல்லு மாதிரி கீது. மச்சி, ஏதாச்சும் காட்டுடா. அழுவு, சிரி, திட்டு. இன்னொரு தபா எடுக்கலாமா? படகு வர்ற எடத்துக்கு மறுபடி போவலாம்ல ரெனி?"

ரெனி தோளை விலக்கிக்கொண்டாள். கேமராவைப் பையில் போட்டாள். "சாரிண்ணா," என்றாள் தரையைப் பார்த்து.

"சாரிய உன் அண்ணனுக்கே குடு. அவன் சேனல்ல போட்டுக்கட்டும்." கோபால்சாமி எழுந்து, வெளிச்சத்துக்காக நிறுத்தியிருந்த விளக்கு ஸ்டாண்டை மடக்கி வில்சனின் நெஞ்சில் சாய்த்தான். "ஒன்னாவது எடம் காலி. அதையும் சொல்லிடு. கெளம்பு."

"ஜீப்பு நாலு மணிக்குத்தான்டா. அதுவரிக்கும் எங்க நிக்கிறது?"

"ரோட்டுல நில்லு. வரும்."

"ஒரு கேமுக்காகடா? நாலு வருசம் ஒன்னா நின்னோம்டா!"

"ஒன்னா நின்னோம். நீ தூங்கிட்டு நின்ன."

ரெனி முதலில் வெளியேறினாள். வில்சன் வாசற்படியில் நின்று, சார்ஜரை உள்ளே விட்டுவிட்டதாகச் சொன்னான். சார்ஜர் வெளியே வந்து விழுந்தது. அவன் குனிந்து எடுப்பதற்குள் கோபால்சாமி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, ஈஸ்வரி நீட்டிய பூட்டையும் உள்பக்கமாக மாட்டி அமுக்கினான்.