பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்

இப்போதெல்லாம் எவனும் நம்மை நிம்மதியாக ஒரு சோப்பு வாங்க விடுவதில்லை. கடையில் போன் நம்பர் கேட்கிறான். மறுநாள் கூப்பிட்டு, சோப்பு எப்படி, பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்கிறான். தேய்த்தால் கரைகிறது, வேறென்ன சொல்ல? பேங்கில் கால் கடுக்க நின்றுவிட்டு வந்தால், நின்ற அனுபவம் எப்படி இருந்தது என்று கேட்கிறான். கேட்கிற எவனுக்கும் பதிலில் அக்கறை கிடையாது. அதனால் காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் பேனாவும் கையுமாக என் வாசலில் வந்து நின்றபோது கதவைப் பாதிதான் திறந்தேன்.

பையன் நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். பெண், மூக்கில் வட்டக் கண்ணாடி. பேர் சொன்னார்கள், நான் காதில் வாங்கவில்லை. எனக்கு அவர்கள் நெட்டை, கண்ணாடி, அவ்வளவுதான்.

"வண்டி டிரஸ்ட்லேர்ந்து அட்ரஸ் குடுத்தாங்க தாத்தா" என்றது கண்ணாடி.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என் மனைவிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் மிஷினோடு கட்டிப்போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். முடிந்து எழுந்தால் பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பாள். பஸ்ஸில் ஏற்ற முடியாது. டாக்ஸி வைத்தால் பாதி மாசத்தில் பென்ஷன் தீர்ந்துவிடும். இப்படிப்பட்டவர்களை வாசலில் வந்து ஏற்றி, திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கு ஒரு டிரஸ்ட் வேன் ஓட்டுகிறது. காசு வாங்குவதில்லை. அந்த வேனின் இன்ஜின் இப்போது சாகக் கிடந்தது. புது இன்ஜினுக்குப் பணம் சேராவிட்டால் மாசக் கடைசியோடு வண்டி நிற்கும் என்று டிரைவர் சொல்லிவிட்டார். வண்டி நின்றால் அவள் கதி என்ன என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

பிள்ளைகள் மார்க்கெட்டிங் படிக்கிறார்களாம். அவர்களுடைய டீச்சரம்மா, பரீட்சைக்குப் பதிலாக ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒரு தர்ம ஸ்தாபனத்தைக் கொடுத்திருக்கிறார். யார் கொடுக்கிறார்கள், எதற்காகக் கொடுக்கிறார்கள், ஏன் கொடுக்காமல் போகிறார்கள் என்று விசாரித்து, அதை வைத்துப் பணமும் திரட்ட வேண்டும். இவர்களுக்கு வாய்த்தது எங்கள் வண்டி.

"மார்க்கெட்டிங்னா விக்கறதுதானே? என் சம்சாரத்தோட வியாதியை விக்கப் போறீங்களா?"

"விக்கட்டுமே" என்றாள் உள்ளே கட்டிலில் இருந்தவள். "உங்களுக்குத்தான் ஒரு விலையும் வராது. எனக்காவது வரட்டும். உள்ள வாங்க கண்ணுங்களா."

வந்து உட்கார்ந்தார்கள். நெட்டை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தாத்தா, நீங்க கடைசியா எப்ப தர்மம் பண்ணீங்க?" என்றான்.

"இப்பதான். உன்னை உள்ள விட்டேனே."

அவன் அதையும் எழுதிக்கொண்டான்.

"ஜனங்க ஏன் குடுக்கறாங்கன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்றது கண்ணாடி.

"காசு இருந்தா போடுவான், இல்லன்னா போடமாட்டான். இதுக்கு ஒரு காலேஜா?"

அந்தப் பெண் கோபப்படவில்லை. "அப்ப காசு இருந்தும் போடாதவங்க?" என்று கேட்டது. டீ வைக்க எழுந்து போய்விட்டேன்.

அடுத்த வாரம் பெரிய மார்க்கெட்டுக்குப் போனால், முன்வாசலில் ஒரு உண்டியல் பெட்டி. அதற்கு மேலே தட்டி. தட்டியில் என் மனைவி, மிஷின் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாள். அவளிடம் கேட்டுத்தான் எடுத்தார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பின்வாசலில் இன்னொரு பெட்டி. அங்கே அவள் இல்லை, வேன் படம் மட்டும். ஒரே விஷயத்துக்கு முன்வாசலில் ஒரு பேச்சு, பின்வாசலில் ஒரு பேச்சு. பக்கத்தில் காவலுக்கு ஒரு ஈ காக்கா இல்லை. பூட்டோ, கொண்டை ஊசிக்கே வாயைப் பிளக்கிற பூட்டு.

ரெட்டை நாக்கும் சின்னப் பூட்டும் ஒரே இடத்தில் இருந்தால் அங்கே திருட்டு இருக்கும். வீட்டிலிருந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன், பின்வாசலில். முன்வாசலில் உட்கார முடியவில்லை. வருகிறவன் போகிறவன் எல்லாம் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெங்காயம் வாங்கப் போகிறான். அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது?

தினமும் மார்க்கெட் திறந்ததும் போவேன். சாயங்காலம் பிள்ளைகள் பெட்டியை எடுக்க வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன், அவளுக்குக் கஞ்சி கொடுக்க வேண்டுமே. அதனால் அவர்கள் என்னைப் பார்க்கவில்லை.

வாரக் கடைசியில் நெட்டை வீட்டுக்கு ஓடி வந்தான். "பாட்டி, தப்பா நினைக்காதீங்க. உங்க படம் இருந்த பெட்டி அடியே நிறையல. வண்டிப் பெட்டி வழிஞ்சிடுச்சு. ஜனங்களுக்கு ஆள் படம் வேணாம், வண்டிதான் வேணும்."

"நாப்பது வருஷமா இவருக்கும் அப்படித்தான்" என்றாள் இவள். "என்னை விட சைக்கிளைத்தான் துடைச்சு துடைச்சு வைப்பாரு."

அந்த முடிவை நம்பி, ஊர் முழுக்க ஒரே நாள் பெரிய வசூல் ஏற்பாடு செய்தார்கள். பஸ் ஸ்டாண்டு, சினிமா தியேட்டர், ஆஸ்பத்திரி வாசல், எங்கே பார்த்தாலும் வேன் படம். டிரஸ்ட்டில் கையிருப்பாக இருந்ததில் கொஞ்சத்தை எடுத்துத்தான் தட்டி அடித்தார்கள். சாயங்காலம் பெட்டிகளைத் திறந்தால், தட்டிச் செலவுக்கே காணாது.

மறுநாள் டிரைவர் அவளை இறக்கிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. "பஸ்ஸிலயே போய்க்கலாம், எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மாடிப்படியில் பாதிக்கு மேல் ஏற முடியாதவள் சொல்கிற பேச்சு.

இரண்டு நாள் கழித்துக் கண்ணாடி மட்டும் வந்தது. முகம் வீங்கியிருந்தது.

"டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க தாத்தா. ரெண்டு வாசலுக்கும் படத்தைத் தவிர வேற என்ன வித்தியாசம்னு. மார்க்கெட்டுக்குப் போய் விசாரிச்சேன். பின்வாசல்ல ஒரு பெரியவர் தினம் உக்காந்திருந்தார்னு பழக்கடைக்காரர் சொன்னாரு. கடுவன் பூனை மாதிரி இருப்பாருன்னாரு."

"நான்தான்."

"எதுக்கு?"

"நீங்க திருடுவீங்கன்னு."

"ஏன் தாத்தா சொல்லல?"

"நீ கேக்கல. ஊர்ல இருக்கறதெல்லாம் கேட்ட, இதைக் கேக்கல."

திட்டப் போகிறது என்று நினைத்தேன். அது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டது. முகத்தில் வீக்கம் அப்படியே இருக்க, கண் மட்டும் பளபளவென்று ஆகிவிட்டது. "அப்ப உங்களைப் பாத்து ஏன் போட்டாங்க?"

அந்தக் கேள்வி என்னையும் பிடித்துக்கொண்டது. இத்தனை வயசில் என்னைப் பார்த்து யாரும் எதையும் கொடுத்ததில்லை. பிச்சைக்காரன் என்று நினைத்தானா? அப்படியானால் செருப்பால் அடிக்க வேண்டும். என் மனைவிக்காக மறுபடி போய் உட்கார்ந்தேன், இந்தத் தடவை முன்வாசலில், அவள் படத்துக்குக் கீழே. முதுகைக் காட்டி உட்கார்ந்தால் எனக்குப் படம் தெரியாது. கண்ணாடி பழக்கடைக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தது.

போட்டார்கள். பெட்டி நிறைந்தது. நான் சும்மா இருக்கவில்லை, போட்டவனை எல்லாம் நிறுத்தி, "ஏன்யா போட்டே?" என்று கேட்டேன்.

ஒருவன், "நீங்க முறைச்சீங்க" என்றான்.

ஒரு பெண், "எங்க மாமனார் மாதிரி இருக்கீங்க. போடாம போனா திட்டுவீங்களோன்னு பயம்" என்றாள்.

மூட்டை தூக்குகிறவர் ஒருவர், "சொந்தக்காரன் காவல் இருக்கான், அப்ப போய்ச் சேரும்" என்றார். நான் சொந்தக்காரன் என்று எப்படித் தெரியும் என்றேன். "சம்பளத்துக்கு உக்கார்றவன் இவ்வளவு கோவமா இருக்கமாட்டான்" என்றார்.

இன்னொருவன் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அவன் பதில்தான் பிடித்தது.

கண்ணாடியும் நெட்டையும் டிரஸ்ட்டில் போய்ப் பேசினார்கள். வண்டியில் போகிற ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் ஒரு ஆள், ஒரு ஸ்டூல், ஒரு பெட்டி. டிரைவருடைய மச்சான்கூட ஒரு பெட்டிக்கு உட்கார்ந்தான். அவன் தூங்கிவிட்டதால் அந்தப் பெட்டி மட்டும் காலி. மாசக் கடைசிக்குள் வண்டிக்கு வேறு இன்ஜின் ஏறிவிட்டது. நல்ல சத்தம். அவள் பஸ் பேச்சை விட்டுவிட்டாள்.

காலேஜில் பிள்ளைகள் இதையெல்லாம் எடுத்துச் சொல்கிற நாளில் என்னையும் வரச் சொன்னார்கள். போனேன். திரையில் என் படம், ஸ்டூலில், பல்லைக் கடித்துக்கொண்டு. கண்ணாடி அரை மணி நேரம் பேசியது. காவல் இருந்தால் நம்பிக்கை வருகிறது, நம்பிக்கை வந்தால் காசு வருகிறது என்றது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

டீச்சரம்மா என் பக்கம் திரும்பி, "ஐயா என்ன நினைக்கிறீங்க?" என்றார்.

"அவ எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றா? ஒருத்தன் பயந்து போட்டான், ஒருத்தன் ஏன்னே தெரியாம போட்டான். நான் சிரிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

கண்ணாடி தன் நோட்டைப் புரட்டிப் பார்த்தது. பிறகு, "அதை நாங்க பாக்கல தாத்தா. நாளைக்கு ஒரு நாள் சிரிச்சிக்கிட்டு உக்காருங்களேன், பாத்துடலாம்" என்றது.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. டீச்சரம்மா சிரிக்கவில்லை, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வராது" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வண்டி அவளைக் கொண்டுவரும் நேரம் ஆகிவிட்டது. நான் கை கொடுக்காவிட்டால் படியேற மாட்டாள். தாத்தா, ஒரே நாள்தான் என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நான் திரும்பவில்லை. காசு இருந்தவன் போட்டான், அவ்வளவுதான். காசு இருந்தும் போடாதவன் விஷயம்தான் இன்னும் பிடிபடவில்லை; அதற்கு இந்தப் பிள்ளைகளிடமும் பதில் இல்லை. வேகமாக நடந்தேன்.