இரண்டு முறை அடித்த மணி

பெஞ்சில் ஆள் இருந்தால்தான் அரசாங்கம் பணம் தரும். பெயரை எழுதிக் காட்டினால் போதாது. மணி அடிக்கும்போது வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தலைகளை அதிகாரி நேரில் வந்து எண்ணுவார். எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் பிறக்காத பிள்ளைகளுக்கெல்லாம் பெயர் வைத்துப் புத்தகம் வாங்கினார்களாம், அதனால் வந்த சட்டம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். இங்கே எவனோ தின்றான், நாங்கள் குடித்தோம்.

எல்லையோர ஊரான ரம்தாவில் எங்கள் பெண்கள் பள்ளியில் காலையில் ஊர்ப் பிள்ளைகள் படிப்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டு ஊரான தராவில் குண்டு விழத் தொடங்கி, அங்கிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். மதியம் பெஞ்சுகள் சும்மாதானே கிடக்கின்றன என்று எங்கள் தலைமையாசிரியை நவ்ஃபா அவர்களின் பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்றைக்கும் பதில் வந்திருக்காது. ஆசிரியைகள் சிலர் சம்பளமில்லாமல் பாடம் நடத்தினோம். நான் கணக்கு டீச்சர். ஆனால் வெறும் நல்ல மனசை வைத்து எத்தனை நாள் ஓட்ட முடியும்? குளிர் வந்தால் ஹீட்டருக்கு எண்ணெய் வேண்டும். எனக்கும் வயிறு இருக்கிறது. கல்வி அமைச்சகம் கைகொடுக்காவிட்டால் மதியப் பள்ளியைப் பூட்ட வேண்டியதுதான் என்று நவ்ஃபாவே சொல்லிவிட்டு, இத்தனை பிள்ளைகள் என்று கணக்குக் காட்டிப் பணம் கேட்டு எழுதினார்.

அதிகாரி வரும் நாள் தெரிந்ததும், நாளைக்கு அமைச்சகத்திலிருந்து ஒருவர் வருகிறார், பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பளிச்சென்று அனுப்புங்கள் என்று வீட்டுக்கு வீடு சொல்லி அனுப்பினோம். அங்கேதான் சறுக்கினோம். எண்ணுவதற்கு வருகிறார் என்று சொல்லவில்லை.

மறுநாள் மதியம் மணி அடித்தது. மொத்தப் பள்ளிக்கூடத்திலும் நான்கே பிள்ளைகள்.

அதிகாரியின் பெயர் முஃப்லிஹ். கெட்ட மனிதர் இல்லை, கறாரான மனிதர். காலி வகுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இதற்குத்தானா என்னை இவ்வளவு தூரம் வரவழைத்தீர்கள் என்று நவ்ஃபாவிடம் கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. முன் பெஞ்சில் இருந்த ரஹஃப் என்ற வாண்டிடம், மற்றவர்கள் எல்லாம் எங்கே தொலைந்தார்கள் என்று கத்தினேன்.

"டீச்சர், இவருக்குத்தான் எல்லா வீட்லயும் சமைக்கிறாங்க. எல்லாப் புள்ளைங்களும் உக்காந்து திராட்சை இலைல அரிசி வச்சு சுருட்டுது. எங்க வீட்ல கேஸ் தீந்துபோச்சு, அதான் நான் வந்துட்டேன்."

அரசாங்கத்து ஆள் வருகிறார், அவரை வெறுங்கையோடு பார்ப்பதா என்று தரா பெண்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். வந்த இடத்தில் பாய்கூடச் சொந்தமில்லை, ஆனால் விருந்து வைக்காவிட்டால் மானம் போய்விடும். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். என் அம்மாவும் அந்த ஊர்க்காரிதான்.

முஃப்லிஹ் சிரிக்கவில்லை. மணி அடித்தபோது இருந்தவர்கள்தான் கணக்கு, அதற்கு மேல் தன் கையில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

வாசலில் வழி இல்லை. தலையில் தட்டுகளோடு பெண்கள், பின்னால் பிள்ளைகள், பிள்ளைகளின் இடுப்பில் குட்டிப் பிள்ளைகள். முன்னால் உம்மு கஸ்வான். கஸ்வானின் அம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. அவளும் இன்னொருத்தியும் ஒரு அண்டாவை ஆளுக்கொரு காதாகப் பிடித்திருந்தார்கள். உள்ளே கோதுமைக் குருணையும் ஆட்டுக்கறியும் தயிரும் சேர்ந்து மணத்தது. எத்தனை வீட்டு நிவாரண அரிசி, எண்ணெய் கைமாறி அந்தக் கறி வந்திருக்குமோ. நான் அவளைத் தனியே இழுத்து நடந்ததைச் சொன்னேன். அவள் நெற்றியில் அறைந்துகொண்டாள்.

கோபித்துக்கொண்டு போகிறவராக இருந்தாலும் காபி கொடுக்காமல் அனுப்ப முடியாது, அவரும் குடிக்காமல் போக முடியாது. முற்றத்தில் நாற்காலி போட்டோம். நவ்ஃபா ஏலக்காய் போட்ட கசப்புக் காபியை ஊற்றினார். முஃப்லிஹ் குடித்தார். அடுத்த கோப்பை உம்மு கஸ்வானுக்கு. அவள் வாங்கினாள், குடிக்கவில்லை, தரையில் வைத்துவிட்டாள்.

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதற்கு ஒரே அர்த்தம்தான். விருந்தாளிக்கு ஒன்று வேண்டும், வீட்டுக்காரர் சரி என்று சொல்லும்வரை காபியைத் தொட மாட்டார். அந்தக் கோப்பை குடிக்காமல் திரும்பினால் வீட்டுக்காரருக்குத்தான் வெட்கக்கேடு. அவளைப் பார்த்து ஒவ்வொருத்தியும் தன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

முஃப்லிஹ் பதறிப்போனார். "அக்கா, இங்க விருந்தாளி நான். என்கிட்ட வந்து இப்படி வைக்கலாமா?"

"ஊரு உங்க ஊரு. எல்ல தாண்டி வந்து நிக்கிறது நாங்க. அப்ப விருந்தாளி யாரு? நீங்களே சொல்லுங்க தம்பி."

அவர் நவ்ஃபாவைப் பார்த்தார். நவ்ஃபா வானத்தைப் பார்த்தார்.

"சரி, என்ன வேணும்?"

"காசு பணம் கேக்கல. மணிய இன்னொரு தடவ அடிங்க, போதும்."

ஒரு நாளைக்கு ஒரு முறைதான் அடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்காவது இருக்கிறதா என்று நானும் பக்கத்தில் நின்று கேட்டுவைத்தேன். முஃப்லிஹ் கோப்பைகளைப் பார்த்தார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் பின்னால் வந்து நின்று முறைத்திருக்க வேண்டும்.

"காபியக் குடிங்க. மணி அடிக்கட்டும்" என்றார்.

நவ்ஃபா, அறுபதை நெருங்குகிற அம்மாள், ஓடிப்போய் மணியை அடித்தார். பிள்ளைகள் இலை சுருட்டிய ஈரக் கையோடு வகுப்புகளுக்குப் பறந்தார்கள். பெஞ்சில் இடமில்லாமல் ஜன்னலிலும் உட்கார்ந்தார்கள். அக்காக்களின் மடியிலிருந்த கைக்குழந்தைகளைக் கழித்துவிட்டு எண்ணுவதற்குள் முஃப்லிஹுக்கு வியர்த்துவிட்டது. கேட்டதைவிட அதிகமாகவே பிள்ளைகள் இருக்கிறார்கள், இந்த மாதமே பணம் வரும்படி எழுதுகிறேன் என்று அவர் சொன்னபோது நான் நவ்ஃபாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் என் மூக்கு ஒழுகியதை அவர் தோளில்தான் துடைத்தேன்.

அப்புறம் எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். முஃப்லிஹ் மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு எழுந்தார். போகிறவருக்காக நவ்ஃபா மறுபடி ஒரு சுற்றுக் காபி ஊற்றினார். உம்மு கஸ்வான் தன் கோப்பையை வாங்கினாள். தரையில் வைத்தாள்.

எழுந்து நின்ற முஃப்லிஹ் அவள் பக்கம் திரும்பினார்.

"இது பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடம், தெரியும். என் மகன் கஸ்வானுக்குப் பதிமூணு வயசு. தக்காளி மண்டில கூடை தூக்குறான்."

நாள் தவறாமல் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறோம். அவன் எங்கே படிக்கிறான் என்று எங்களில் ஒருத்திகூடக் கேட்டதில்லை.

"அதுக்கு வேற ஆபீஸ், அக்கா" என்றார் முஃப்லிஹ் மெதுவாக.

"இருக்கட்டும் தம்பி. காபி அதே காபிதான்."

அவர் கார்ச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆண்கள் பள்ளித் தலைமையாசிரியரின் போன் நம்பர் இருக்கிறதா என்று நவ்ஃபாவிடம் கேட்டார்.