ரேடியோ வீட்டு ஜெப மேஜை

சலூன்காரரை அந்தத் தெருவில் எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். கத்திரி நின்றாலும் வாய் நிற்காது. முடிவெட்ட வந்தவருக்குத் தெரு நடப்பு, மழை நிலவரம், பல்வலிக்கு மருந்து எல்லாம் இலவசம். அதே வாய் தினமும் காலை ஐந்தரைக்குச் சாப்பாட்டு மேஜையில் ஜெபமும் செய்யும். வேதத்தில் ஒரு பகுதி, ஒரு பாட்டு, ஜெபம், கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் தவறியதில்லை.

தவறாமல் நடத்தியது அவர்தான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவர் மனைவிக்கு ஒரு கண் வேதத்தில், மறு கண் அடுப்பில் கொதிக்கும் பாலில். கல்லூரியில் படிக்கும் மகள் தூங்கி வழிந்தபடியே, அப்பா மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் "ஆமென்" போட்டுவிடுவாள்.

"இருடி, உன் பரீட்சைக்கே இப்பத்தான் வந்திருக்கேன்" என்பார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"நீயும் ஒரு நாள் வாய் திறந்து ஜெபம் பண்ணேன்" என்று மனைவியிடம் கேட்டால், "நீங்க விட்டாத்தானே" என்று சிரித்து மழுப்பிவிடுவாள். உண்மையில், ஆண்டவரிடம் சொல்ல அவளிடம் எதுவும் இருக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, கணக்கு வாத்தியார் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தபோது ரேடியோவின் பேச்சு திடீரெனக் குழறியது. கத்திரி நழுவிக் கீழே விழுந்தது. வாத்தியார், கழுத்தில் கட்டிய துணியோடும் பாதி வெட்டிய தலையோடும் அவரைத் தூக்கி டாக்ஸியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். பக்கவாதம், அந்த அவசரம்தான் உயிரைக் காப்பாற்றியது என்றார் டாக்டர். ஆனால் வலது கை சோர்ந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. பிறர் சொல்வது புரிந்தது, பதில்தான் வரவில்லை. எதைக் கேட்டாலும் "அது... அது..." மட்டும்.

மூன்று வாரம் கழித்து வீடு திரும்பினார். மறுநாள் காலை சமையலறையில் இருந்த மனைவிக்கு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், மேஜைமுன் அவர். மணி ஐந்தரை. இடது கையால் வேதத்தைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

"என்னங்க இது? எனக்கு இதெல்லாம் வராது."

"அது" என்று விரலால் பக்கத்தைத் தட்டினார்.

வாசித்தாள். நீளமான பெயர்களில் இடறி இடறி ஒருவழியாக முடித்தாள். அவர் தலை குனிந்து கண்களை மூடிக்கொண்டார். இனி ஜெபம். இவள் செய்ய வேண்டிய ஜெபம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆண்டவரே, எனக்கு உங்க மேல கோவம். பேசத் தெரிஞ்சவரு வாயை அடைச்சுட்டு, பேசத் தெரியாதவளை உக்கார வச்சிருக்கீங்க. வேற என்ன சொல்றதுன்னு தெரியல. ஆமென்."

கண்ணைத் திறந்தாள். அவர் பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். படுத்ததிலிருந்து அவர் முகத்தில் அவள் பார்த்த முதல் சிரிப்பு.

அதன்பின் தினமும் அதே நேரம். சில நாள் அலுப்பில் அவள் போகமாட்டாள். அவள் வரும்வரை அவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். "பிடிவாதத்துக்கு ஒரு பரிசு வச்சா உங்களுக்குத்தான்" என்று முணுமுணுத்தபடி வந்து உட்காருவாள். மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தாள். லென்ஸ் உடைந்தது, முதலாளி முறைத்தது, மகளுடைய இருமல் என்று வாயில் வந்ததையெல்லாம் ஆண்டவரிடம் கொட்டினாள். காலையில் வாசித்த வரி மதியம் லென்ஸ் தேய்க்கும்போது மனதில் ஓடியது. கோபம் ஒரே நாளில் போகவில்லை. காய்ச்சல் தணிவதுபோல் தணிந்தது. ஒரு நாள் அலாரம் அடிக்கும் முன்பே எழுந்து வேதத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

அவருக்குப் பேச்சு திரும்பவில்லை. பயிற்சி தரும் தெரபிஸ்ட் பூனைப் படத்தைக் காட்டிப் பெயர் கேட்டால் அவருக்கு வியர்த்துக் கொட்டும். அந்தப் பெண் பொறுமையாகப் படத்தை மாற்றுவாள்.

ஐந்தாவது மாதம், சலூன் நாற்காலிகளை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்துபோனார். மறுநாள் காலை கர்த்தருடைய ஜெபத்தில் அன்றாட ஆகாரத்தைக் கேட்கும் இடம் வந்ததும் அவள் உடைந்து அழுதுவிட்டாள். அதற்குமேல் முடியவில்லை. அம்மா அழுவதைப் பார்த்து மகளும் நிறுத்திவிட்டாள்.

அந்த அமைதியில் கரகரத்த ஒரு குரல் அடுத்த வரியைச் சொன்னது.

அவர்தான். அதற்கடுத்த வரியையும் சொன்னார். ஒவ்வொரு சொல்லாக, பழைய ராகத்தில், கடைசிவரை. "ஆமென்" என்று முடித்துவிட்டு, யார் பேசியது என்று தேடுபவர்போல் விழித்தார்.

"அப்பா!" என்று மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

பதில் சொல்ல முயன்றார். "அது..."தான் வந்தது. மனைவி கண்ணைத் துடைத்தாள். "பரவாயில்ல. திரும்பச் சொல்லுங்க. முதல்லேர்ந்து." மூன்று முறை சொன்னார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

"இப்படி நடக்கறதுண்டு" என்றாள் தெரபிஸ்ட். "தினம் சொல்லிப் பழகினது மூளையில வேற மூலையில பத்திரமா இருக்கும். பூட்டின வீட்டுக்குப் பின்வாசல் கிடைச்சிருக்கு. விட்டுடாதீங்க."

விடவில்லை. ஜெபத்திலிருந்து பாட்டுக்குப் போனார்கள். பாட்டின் மெட்டில் "தண்ணி வேணும்", "செருப்பு எங்க" என்று அவர் ராகம் போட்டுக் கேட்க, மகள் வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு மெட்டு உதிர்ந்து சொற்கள் தனியே நின்றன. நாற்காலிகளை விற்கவில்லை. இடது கைக்கு டிரிம்மர் பழக்கினார். முதல் ஆளாகத் தலையைக் கொடுத்தவர் கணக்கு வாத்தியார். "பாதித் தலையோட ஊர் சுத்தினவன் நான். எனக்கென்ன பயம்?"

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையின் முடிவில், "யாராவது ஜெபம் பண்றீங்களா?" என்று போதகர் கேட்டார். ரேடியோ இடது கையைத் தூக்கினார்.

"என்னங்க, எழுதி வச்சிருக்கீங்களா?" மனைவி சட்டையை இழுத்தாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு எழுந்தார்.

"ஆண்டவரே... நான் பேச முடியாதப்போ... இவ பேசினா. இவ முடியாம அழுதப்போ... எனக்கு வாய் குடுத்தீங்க. ஒரு காலையிலகூட... எங்களைத் தனியா விடல. நன்றி."

மனப்பாடம் செய்த சொல் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் அவருடைய சொந்தச் சொற்கள். அவர் மனைவியைக் குனிந்து பார்த்தார். "நீ... முடி."

அவள் எழுந்தாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள், அத்தனை பேர் நடுவில், நடுக்கமில்லாத குரலில் ஜெபித்தாள். நோயாளிகளுக்காக, அவர்களோடு விழித்திருப்பவர்களுக்காக, கோபத்தில் ஆண்டவரோடு பேச மறுப்பவர்களுக்காக. முடித்தபோது எழுந்த ஆமென் சுவர்களில் மோதித் திரும்பியது.

வாசலுக்கு வந்ததும் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்திருந்தது. எதையோ சொல்ல உதட்டைக் கூட்டினார். அவள் காத்திருந்தாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் ரேடியோ. "ஆனா... ரொம்ப நீளம்."