துடைத்த கை

உணவகத்தில் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்த சப்ளையருக்குச் சட்டையைக் கழற்றவும் தெம்பில்லை. இருந்தாலும் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த மர மேசையின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். மேசை அவருடைய அக்காவுடையது. வீடு மாறியபோது, "கொஞ்ச நாள் உன்கிட்ட இருக்கட்டும்" என்று விட்டுப்போனாள். இன்று சாயங்காலம் வண்டியோடு வந்து எடுத்துப்போகிறாளாம். மேல்பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிறிய திட்டு. மனைவி நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைக் கொட்டியதில் மேலே பூசியிருந்த லாக்கர் பாலிஷ் கரைந்து, மரம் பல்லிளித்துக்கொண்டிருந்தது.

அக்காவும் மனைவியும் நேருக்கு நேர் பேசி வெகுநாளாயிற்று. ஒரே அறையில் இருந்தாலும், "உங்கக்காவுக்குக் காப்பி வேணுமான்னு கேளுங்க", "சர்க்கரை வேண்டாம்னு உன் பெண்டாட்டிகிட்ட சொல்லுடா" என்று எல்லாம் அவர் வாய்வழியாகத்தான். கடையில் ஆர்டர் சுமப்பது போதாதென்று வீட்டிலும் அதே வேலை. அந்தத் திட்டு அக்கா கண்ணில் பட்டால் என்னென்ன சுமக்க வேண்டியிருக்குமோ என்று நினைக்கும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது.

"உங்கக்கா பூதக்கண்ணாடி வச்சுப் பார்ப்பாங்க. ஒழுங்கா பூசுங்க" என்றாள் மனைவி.

"கொட்டும்போது இந்த ஒழுங்கு எங்க போச்சு?"

"கொட்டறதுக்கு ஒழுங்கு வேறயா?"

பாலிஷ் கடைக்காரர் டப்பாவைக் கொடுக்கும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "ஒரே இழுப்புல பூசிட்டு எழுந்து போயிடுங்க. ஈரத்துல கை பட்டா, பழைய லாக்கரும் சேர்ந்து இளகி வந்துடும்." அதேபோல் பூசினார். நன்றாகவே வந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

துண்டும் கையுமாகத் திரும்பியபோது தூக்கம் கண்ணைச் சுழற்றியது. எதிரே பலகை ஈரமாகப் பளபளத்தது. ஈர மேசையைக் கண்டால் சப்ளையரின் கை சும்மா இருக்குமா? என்ன ஏதென்று யோசிப்பதற்குள் துண்டு ஓர் அரைவட்டம் போட்டு, ஓரத்தில் பருக்கையைத் தள்ளுவதுபோல் ஒரு தட்டும் தட்டிவிட்டது.

துண்டு ஒட்டி இழுத்தபோதுதான் உறைத்தது. உள்ளங்கையளவு திட்டு சாப்பாட்டுத் தட்டளவு ஆகியிருந்தது. நடுவில் நூல் நூலாகப் பஞ்சு.

"அடக் கடவுளே! அடுத்த மேசையையும் துடைக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல்.

அதற்குள் அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பலகையைப் பார்த்தாள்.

"யாரு வேலைடா இது? உன் பெண்டாட்டியைக் கேட்டுச் சொல்லு."

"நான்தான்கா, தூக்கக் கலக்கத்துல துடைச்சுட்டேன். இனிமே கேட்டுச் சொல்லவெல்லாம் என்னால முடியாது. நிக்கவே முடியல" என்றவர், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு பெண்களும் அவரைக் குனிந்து பார்த்தார்கள். மனைவிதான் முதலில் அக்காவிடம் நேராகப் பேசினாள்.

"முதல்ல கொட்டினது நான், அண்ணி. அவர் சரிபண்ணத்தான் பார்த்தார்."

"எதைக் கொட்டினே?" அக்கா அவள் பக்கம் திரும்பினாள்.

"நகப்பூச்சு அழிக்கிறது."

"அதை வைக்கிற இடமா இது?"

"கண்ணாடி மேசையில வைக்காம அடுப்பு மேலயா வைப்பாங்க?"

"வாயைப் பாரு! சரி, வண்டியைத் திருப்பி அனுப்பிடறேன். காயட்டும், நானே தேய்ச்சுப் பூசறேன்."

"தேய்க்கும்போது குறுக்க தேய்ச்சிடாதீங்க. மர ரேகை ஓடற பக்கமா தேய்க்கணும்."

"எனக்கே சொல்லித் தர்றியா நீ?"

குரல்கள் ஏறின. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் தலை மெல்லச் சரிந்து, குறட்டை எழுந்தது.

"மெதுவா பேசுங்க அண்ணி, தூங்கறார்."

"நீ முதல்ல மெதுவா பேசு."