கடைசிப் பெயர்க்காரர்கள்

அந்த நாட்டில் வேலைக்கு அழைப்பது கடைசிப் பெயரைத்தான். முதல் பெயர் அவர்களுக்கு வெறும் விலாசம்.

என் மகள் மதிவதனியும் மாப்பிள்ளை நிருபனும் பிசியோதெரபி படித்து முடித்த கையோடு கல்யாணம் செய்துகொண்டவர்கள். தம்பதியாக அங்கே ஒரு மருத்துவமனைக்கு விண்ணப்பித்தார்கள். நம்மிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. விண்ணப்பத்தில் கடைசிப் பெயருக்கான கட்டத்தில் எல்லோரையும் போல அவர்களும் அப்பா பெயரை எழுதினார்கள். மூன்று மாதத்தில் வேலை கிடைத்தது. எனக்கும், நிருபனின் அப்பா ஆவுடையப்பனுக்கும்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. பாளையங்கோட்டையில் ஒரு கிடங்கில் மூட்டைகளை எடை போடும் வேலை. சம்பந்தி இறந்து ஆறு வருடம் ஆகிறது.

ஏஜென்சிக்காரர் கடிதங்களை இரண்டு தடவை படித்தார்.

"இதுல தப்பு ஒண்ணும் இல்ல சார். நெல்லையப்பன் நீங்கதான? பொறவு என்ன, கெளம்புங்க."

"அப்ப நாங்க?" என்றாள் மதி.

"நீங்க முதல் பெயரும்மா. முதல் பெயருக்கு அங்க போஸ்ட் கெடையாது."

அன்றிலிருந்து அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். கட்டிலில் புருஷனைப் படுக்கவைத்து, அவர் முட்டியை மடக்கி நீட்டச் சொன்னாள்.

"யப்பா, அது அரிசி மூட்டை இல்ல. இப்படித் தூக்குனா நோயாளி எந்திரிச்சு ஓடிருவாரு."

"ஓடுனா கொணமாயிட்டாருன்னுதான அர்த்தம்?"

நிருபன் சிரித்தார். மதி சிரிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் இரண்டாவது இடம் வாங்கியவள் அவள்.

சம்பந்தியை நிருபன் போய் அழைத்துவந்தார். கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டவர் என்பதால் அன்றுதான் அவரை முதலில் பார்த்தேன். மெலிந்த மனிதர். புதுக் கோட்டு தோளில் நிற்காமல் சரிந்தது.

"அங்க குளிரு ஜாஸ்தியாமே, சம்பந்தி" என்றேன்.

"எனக்குப் பழக்கந்தான்."

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, கிடங்கு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு ஒரு வழி புலப்பட்டது. மதி தன் கடைசிப் பெயராக நிருபனை எழுதினால் அவர் போகலாம். நிருபன் தன் கடைசிப் பெயராக மதியை எழுதினால் அவள் போகலாம். வேலையில் சேர்ந்த ஒரு வருடத்துக்குள் பெயரைத் திருத்திக்கொள்ளலாம் என்று கடிதத்தின் அடியிலேயே இருந்தது.

பெண்டாட்டி பெயரை இனிஷியலாகப் போட்ட ஆணை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளையிடம் போய் அதை எப்படிச் சொல்வது? அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் முப்பது வருடத்தில் யாரும் என்னைப் பெயர் சொல்லி எங்கேயும் அழைத்ததில்லை என்பதும் உண்மை. இரண்டில் எது பெரிய காரணம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

விமான நிலையத்தில் மதி கேட்டாள்.

"வேற வழியே இல்லையாப்பா?"

"இல்லம்மா."

அங்கே எங்களுக்கு ஒரே அறை, ஒரே கட்டில் கொடுத்தார்கள். விண்ணப்பம் தம்பதியுடையது. மதியின் இடத்துக்கு வந்தவன் என்பதால் கோப்பில் நான் மனைவி. சம்பந்தி சுவரோரம் படுத்துக்கொண்டார். வேலையில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். வீங்கிய முட்டிமேல் ஐஸ் வைக்கத் தேவையில்லை, அவர் கையை வைத்தால் போதும். நான் ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் மகளுக்குப் போன் செய்வேன். எந்தத் தசை, எத்தனை தடவை என்று ஊரில் அடுப்படியில் நின்றபடி அவள் சொல்வாள். நோயாளிகள் நடந்தார்கள். மருத்துவமனை என்னைப் பாராட்டிக் கடிதம் கொடுத்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஒரு வருடம் முடிய ஒரு நாள் இருந்தது. சம்பந்தி தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"பிள்ளைக ரெண்டும் பேரை மாத்தி எழுதிக்கிட்டா இங்க வந்துரலாம். ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும். ஒங்களுக்கு?"

"மொத நாளே தெரியும்." தட்டைத் துடைத்து வைத்தார். "அவங்க வந்தா நான் திரும்பிப் போணும். போனா படுக்கத்தான வேணும், சம்பந்தி."

போன் மேஜைமேல் இருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அவகாசம் முடிந்தது.

அடுத்த வாரம் பிரசவப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். கோப்பின்படி எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. நர்ஸ் வெள்ளைத் துண்டில் சுற்றிச் சம்பந்தியிடம் நீட்டினார். தன் கை சில்லென்றிருக்கும் என்று அவர் வாங்கவில்லை. நான் வாங்கிக்கொண்டு மதிக்குப் போன் செய்தேன். ஊரில் அவளுக்கு அது ஒன்பதாவது மாதம்.

"காலையில எந்திரிச்சப்ப வயிறு இல்லப்பா" என்றாள். "அங்கதான் வந்திருக்கும்னு அவரு சொன்னாரு. யாரு ஜாடை?"

"ஒன் ஜாடைதான்."

அவள் குழந்தையை எந்தப் பக்கமாக அணைத்துப் பிடித்தால் பால் குடிக்கும் என்று நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். சம்பந்தி கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றார்.