மூன்றாவது இருக்கை

“குனிடி” என்றாள் வாயாடி.

அவள் குனிந்தாள். நீலப் பட்டை ஒன்று கழுத்தில் மாலை மாதிரி விழுந்தது. அதன் முனையில் பித்தளையில் சின்னதாக ஒரு சிறகு. விமானிகள் சங்கத்தின் சின்னம்.

“வேண்டாம்டி. நான் சங்கத்துலயே இல்ல.”

“அது எனக்குத் தெரியாதா? உங்க கம்பெனியில சங்கம்னு கனவு கண்டாலே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஆனா உள்ள உட்கார்ந்திருக்கிறது யாரு தெரியுமா? எங்க முசுடு கேப்டன். பட்டை இல்லாம போனேன்னு வையி, உன் மூஞ்சியைக்கூடப் பார்க்க மாட்டாரு. ஓடு!”

வாயாடி அவளுடைய பயிற்சிப் பள்ளித் தோழி. சங்கம் வைத்த பெரிய கம்பெனியில் துணை விமானி. அவளோ சங்கமே இல்லாத போட்டிக் கம்பெனியில் துணை விமானி. இருவரும் ஒரே வகுப்பில் ஒரே கேள்விக்கு ஒரே தப்பான பதிலை எழுதியவர்கள். அப்புறம் திசை பிரிந்துவிட்டது.

மதியம் தம்பி போன் செய்திருந்தான். “அக்கா, சாயந்தரம் வரைக்கும்தான்னு டாக்டர் சொல்றாரு. அப்பா கண்ணைத் திறக்கறப்பல்லாம் உன்னைத்தான் கேக்கறாரு.”

அவள் கம்பெனி விமானம் காலையிலேயே போய்விட்டது. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். இதிலும் ஊசி குத்த இடமில்லை. காக்பிட்டில், இரண்டு விமானிகளுக்குப் பின்னால், சுவரிலிருந்து இழுத்து விரிக்கும் மூன்றாவது இருக்கை மட்டும் காலி. எந்தக் கம்பெனி விமானியும் அதைக் கேட்கலாம். கேட்கத்தான் முடியும், உரிமை கிடையாது. கேப்டனிடம் நேரில் போய், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்க வேண்டும். அவர் இல்லை என்றால் இல்லைதான். காரணம் கேட்கக் கூடாது. காலம் காலமாக அதுதான் வழக்கம்.

முசுடு திரும்பிப் பார்க்கவில்லை. வானிலைத் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். நரைத்த பிடரிதான் தெரிந்தது.

“கேப்டன், மூணாவது சீட் கிடைக்குமா? அப்பா சாகக் கிடக்கறாரு.”

இப்போது திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை, பட்டையைப் பார்த்தார்.

“எந்த வருஷம் சேர்ந்த?”

வாயில் வந்த ஏதோ ஒரு வருஷத்தைச் சொன்னால் போதும், அப்பாவைப் பார்த்துவிடலாம். ஆனால் பொய் சொல்லி உட்கார்ந்த இருக்கையில், இன்னொரு விமானியின் முதுகைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பறப்பது? அவள் பட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

“சேரல கேப்டன். இது இரவல்.” கம்பெனிப் பெயரைச் சொன்னாள்.

முசுடுக்குப் பக்கத்தில் இருந்த துணை விமானியின் கை சுவிட்சுகள் மேல் அப்படியே நின்றது.

“போன வருஷம் ஸ்ட்ரைக் பண்ணி நாங்க வெயில்ல நின்னோமே, அப்ப?” என்றார் முசுடு.

“உங்க பயணிகளுக்காகக் கம்பெனி கூடுதல் ஃப்ளைட் விட்டாங்க. நானும் ஓட்டினேன்.”

“கருங்காலிக்குத் துணிச்சலைப் பாருங்க சார்” என்றான் துணை விமானி.

“நீ எரிபொருளைச் சரிபாரு” என்றார் முசுடு. அவளிடம், “அப்பா என்ன பண்ணினாரு?”

“பஸ் டிரைவர்.”

“சங்கத்துல இருந்தாரா?”

“ஓய்வு பெற்ற அன்னிக்குக்கூட டிப்போ வாசல்ல சங்கக் கூட்டத்துக்குப் போயிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாரு.”

“நீ ஓட்டினது அவருக்குத் தெரியுமா?”

“தெரியும். ரொம்ப நாள் எங்கிட்டப் பேசல. அம்மாகிட்டச் சொல்ற மாதிரி சுவத்தைப் பார்த்துச் சொல்லுவாரு.”

முசுடின் உதட்டோரம் ஒரு நூல் அளவு நெளிந்தது.

“நல்ல மனுஷன். கதவைச் சாத்து, பெல்ட்டைப் போடு. உனக்கும் எங்களுக்கும் இருக்கற வழக்கு தீரலைம்மா. அதைத் தரையில வச்சுப்போம்.”

விமானம் எழும்பியது. பத்தாயிரம் அடி தாண்டும் வரை வேலைப் பேச்சு தவிர காக்பிட்டில் வேறு பேச்சு கூடாது. அந்த விதி இல்லாவிட்டாலும் அன்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். முழங்கால் முன்சீட்டில் இடிக்க, கைகளை மடியில் கட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தாள். விருந்தாளி எதையும் தொடக் கூடாது. தன் கை தானாக எங்காவது நீண்டுவிடுமோ என்று ஒரு கையால் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டாள்.

உயரே போனதும் துணை விமானி ஒரு காபிக் கோப்பையைப் பின்னால் நீட்டினான். “எங்க காபி கசக்கும். உங்க கம்பெனியில அதுவும் கிடையாதாமே?”

“இருக்கு. காசுக்கு” என்றாள்.

அவன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான்.

சேரும் ஊரை நெருங்கும்போதுதான் வினை வந்தது. மழை மேகம் ஓடுபாதை மேல் குந்தியிருந்து அப்போதுதான் நகர்ந்திருந்தது. இறங்க வேண்டிய விமானங்கள் எல்லாம் வானத்தில் வட்டமடித்துக் காத்திருந்தன. முசுடின் விமானம் வரிசையின் வாலில்.

அந்த நேரம் பார்த்து, காக்பிட்டின் சின்ன அச்சுப்பொறி ஒரு துண்டுத் தாளைத் துப்பியது. தம்பி அவள் கம்பெனிக்குச் சொல்ல, அந்த அலுவலகம் இந்த அலுவலகத்துக்குச் சொல்லியிருந்தது. போன வருஷம் முழுக்க வக்கீல் நோட்டீஸ் தவிர வேறெதுவும் பரிமாறிக்கொள்ளாத இரண்டு அலுவலகங்கள்.

‘அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது. எங்கே வந்துகொண்டிருக்கிறாய் என்று கேட்கிறார்.’

முசுடு படித்தார். தாளைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினார். அவள் படிக்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒலிவாங்கியை அழுத்தினார்.

“கட்டுப்பாட்டு அறை, ஒரு வேண்டுகோள். விமானத்துக்கு ஆபத்து இல்ல, கோளாறும் இல்ல. எங்க மூணாவது சீட்டுல ஒரு விமானி. இந்த ஊர் ஆஸ்பத்திரியில அவங்க அப்பா கடைசி மூச்சு விட்டுட்டு இருக்காரு. முன்னாடி போக வழி உண்டா?”

ஒரு பெண் குரல் தயங்கித் தயங்கி வந்தது. “விதிப்படி நானா வரிசையை மாத்த முடியாது கேப்டன். முன்னாடி இருக்கறவங்க அவங்களா விட்டுக்கொடுத்தா உண்டு.”

அதன்பின் வெறும் இரைச்சல். எல்லா விமானங்களும் கேட்கும் அலைவரிசை அது. எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

“சரக்கு விமானம் பேசறேன்” என்றது ஒரு கட்டைக் குரல். “எங்க பெட்டிங்க புகார் சொல்லாது. நாங்க ஒதுங்கறோம்.”

“நாங்களும் ஒதுங்கிக்கறோம். பயணிகள்கிட்ட நான் பேசிக்கறேன்.”

“நாங்களும்.”

அவள் கழுத்தை நீட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கீழே, தூரத்தில், வெயில் பட்ட ஒரு சிறகு சாய்ந்தது. அந்த விமானம் வரிசையை விட்டு மெதுவாக விலகியது. அதற்கு முன்னால் இன்னொன்று. அதற்கும் முன்னால் இன்னொன்று. அவ்வளவு பெரிய உடம்புகள், கூடத்தில் யாரோ எழுந்து நாற்காலியை நகர்த்தி வழிவிடுவதுபோல, ஓசையே இல்லாமல் ஒவ்வொன்றாக ஒதுங்கின. இத்தனை வருஷம் பறந்தவள்தான். வானம் இப்படி நடந்துகொள்வதைப் பார்த்ததில்லை.

முன்னால் இப்போது ஒன்றே ஒன்று. அதன் வால் நிறம் அவளுக்குத் தெரியும். வேறு ஊரிலிருந்து வரும் அவள் கம்பெனி விமானம். ஓட்டுபவர் யாரென்று அழைப்புக் குரலிலேயே தெரிந்தது. ‘கடிகாரம்’ என்று பட்டப்பெயர் வாங்கியவர்.

“உங்க ஆளா?” என்றார் முசுடு.

“ஆமாம் கேப்டன். ஆனா அவரால முடியாது. அஞ்சு நிமிஷம் லேட்டானாலும் எங்ககிட்ட விளக்கம் கேப்பாங்க. இந்த வருஷம் அவரை ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க.”

“கூப்பிட்டா, அவர்கூட யாரு போவாங்க?”

“யாரு இருக்கா? தனியாத்தான் போகணும்.”

துணை விமானி முதல்முறையாக முழுசாகத் திரும்பி அவளைப் பார்த்தான்.

இரைச்சல் நீண்டது. பிறகு அந்தக் குரல், நேர அட்டவணை படிப்பதுபோலவே, ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது.

“எங்களைக் கடைசியில போடுங்க. ஒதுங்கினவங்க எல்லாரும் முதல்ல இறங்கட்டும். எங்ககிட்ட எரிபொருள் தாராளமா இருக்கு.”

“கடைசின்னா அரை மணிக்கு மேல ஆகும், கேப்டன்” என்றது பெண் குரல்.

“எனக்கும் கடிகாரம் பார்க்கத் தெரியும்மா.”

சிறகு சாய்ந்தது. அந்தக் கடைசி விமானமும் விலக, ஓடுபாதை, நனைந்து, நேராக, எதிரே கிடந்தது.

முசுடு ஒலிவாங்கியை அழுத்தினார். “நன்றி கேப்டன். யாராவது விளக்கம் கேட்டா சொல்லி அனுப்புங்க. உங்க பக்கத்து நாற்காலியில நான் வந்து உட்கார்றேன்.”

பதில் வரவில்லை. இரண்டு தடவை ‘டிக், டிக்’ என்று ஒலிவாங்கி அழுத்தும் சத்தம் மட்டும் வந்தது. விமானிகள் வாய் திறக்காமல் ‘சரி’ சொல்லும் விதம் அது.

விமானம் நின்றதும் அவள் ஓடினாள். பயணிகள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முசுடு ஒலிபெருக்கியில் என்ன சொன்னாரோ, அத்தனை பேரும் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். படிக்கட்டின் கீழே தரைப் பணியாளர் ஒருவர் ஜீப்பின் கதவைத் திறந்தபடி நின்றார்.

ஆஸ்பத்திரி அறையில் தம்பி கட்டில் விளிம்பிலிருந்து எழுந்து அவளுக்கு இடம் விட்டான்.

அப்பா பாதியாகியிருந்தார். அவள் கையை வைத்ததும் இமை அசைந்தது.

“பைலட்டம்மா...”

“வந்துட்டேன்ப்பா.”

“எதுல வந்த?”

“போன வருஷம் வாசல்ல நின்னாங்களே, அவங்க ஃப்ளைட்டுலப்பா.”

கண் முழுசாகத் திறந்தது. மூச்சு இரண்டு தடவை ஏறி இறங்கியது.

“ஏத்திக்கிட்டாங்களா?”

“ஏத்திக்கிட்டாங்க. டிரைவருக்குப் பின்னாலயே உட்கார வச்சுக் கூட்டிட்டு வந்தாங்க.”

“டிரைவருக்குப் பின்னாலயா...” வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர் அதை மெதுவாக மென்று பார்த்தார். “நன்றி சொன்னியா?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. “இல்லப்பா. ஓடி வந்துட்டேன்.”

“சொல்லிடு” என்றார். அவள் விரலைப் பிடித்திருந்த விரல்கள் சற்று இறுகின. “மறந்துடாத.”

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஒரு இடைவெளி முடியவே இல்லை. தம்பி செவிலியரைக் கூப்பிட ஓடினான். அவள் அந்த விரல்களைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

செவிலியர் வந்து, பார்த்து, போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனார். தம்பி சுவரில் சாய்ந்து குலுங்கினான். அவள் எழுந்து அவன் தோளை அணைத்துக்கொண்டாள். ஜன்னல் பக்கம் ஏதோ இரைந்தது.

மழை விட்ட வானத்தில் ஒரு விமானம் தாழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. வாலில் அவள் கம்பெனி நிறம். அதற்குப் பின்னால் வானம் காலியாக இருந்தது.

அது கட்டடங்களுக்குப் பின்னால் மறையும் வரை அவள் நின்றாள்.

“என்னக்கா பாக்கற?” என்றான் தம்பி, முகத்தைத் துடைத்துக்கொண்டு.

“ஒண்ணுமில்லடா” என்றாள். “ஒரு ஃப்ளைட் லேட்டு.”